வெள்ளிக்கிழமையும் விடுமுறையும்

கிழமைகளுள் சிறந்தது வெள்ளி என்பதில் முஸ்லிம்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. ஆயின், அது ஓய்வு நாளா என்னும் வினாவிற்கு வரலாறு தரும் விடை சிந்திக்கத் தக்கது.

இஸ்லாத்திற்கு முன் அரபியர் இந்நாளை 'அரூபா' என்றழைத்தனர். ஒன்றுகூடுதல் என்னும் பொருளில் பிறந்ததே 'ஜும்ஆ' என்ற பெயர். ஹிஜ்ரத்திற்கு முன்னரே மதீனாவில் அஸ்அத் இப்னு ஸுராரா (ரலி) அவர்கள் நாற்பது பேரைக் கூட்டி ஜும்ஆ நடத்திய செய்தி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. கி.பி. 622இல் குபாவிலிருந்து மதீனா நகருக்குச் செல்லும் வழியில், பனூ ஸாலிம் குலத்தார் பகுதியில் நபி (ஸல்) அவர்கள் தம் முதல் ஜும்ஆவை நடத்தினார்கள்.

பாங்கு ஒலித்ததும் வணிகத்தை விட்டு விரையுமாறும், தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று இறையருளைத் தேடுமாறும் ஜும்ஆ அத்தியாயத்தின் 9, 10ஆம் வசனங்கள் பணிக்கின்றன. வணிகக் கூட்டம் வந்ததென்று குத்பாவின் நடுவே எழுந்து சென்றவர்களை அடுத்த வசனம் கண்டிக்கிறது. ஆக, கடை திறந்திருக்கும் நாளின் நடுவே அமைந்த கடமையே ஜும்ஆ. யூதரும் கிறிஸ்தவரும் தத்தம் நாள்களில் செய்வதுபோல் வெள்ளியன்று வேலையை விட்டுவிடுவதை இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் வெறுத்தார்கள்.

விடுமுறையோ அரசுகளும் கல்விக்கூடங்களும் வகுத்துக்கொண்ட ஏற்பாடு. துருக்கி 1924இல் வெள்ளியை வார விடுமுறையாகச் சட்டமாக்கி, 1935இல் ஞாயிறுக்கு மாற்றியது. பாகிஸ்தான் 1977இல் வெள்ளிக்கு மாறி, 1997இல் ஞாயிறுக்குத் திரும்பியது. ஐக்கிய அரபு அமீரகம் 2022 முதல் வெள்ளியை அரைநாள் வேலை நாளாக்கியது. விடுமுறை மாறியபோதும் ஜும்ஆ மாறவில்லை.

தமிழ் முஸ்லிம்களின் வெள்ளி, வியாழன் மஃரிபிலேயே தொடங்கிவிடும். அதனை 'வெள்ளி இரவு' என்பதே நம் வழக்கு. கஹ்ஃப் அத்தியாயம் ஓதுதல், குளித்து நறுமணம் பூசுதல், கபர் ஸியாரத், பல ஊர்களில் மஆஷிர ஓதிக் கதீபிடம் அஸாவைக் கொடுத்தல் ஆகியன இந்நாளின் அடையாளங்கள். அரபுக் கல்லூரிகளுக்கும் மக்தபுகளுக்கும் வெள்ளியே விடுமுறை.

இங்கேதான் ஓர் இடர்ப்பாடு எழுகிறது. வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி எனத் தொடரும் நம் வட்டாரத்துப் பிள்ளை காலையில் மக்தபுக்கும் பின்னர்ப் பள்ளிக்கூடத்திற்கும் செல்கிறது. மக்தபுக்கு விடுமுறையான வெள்ளியன்று பள்ளிக்கூடம் உண்டு. பள்ளிக்கூடத்திற்கு விடுமுறையான ஞாயிறன்று மக்தப் உண்டு. இரண்டிற்கும் ஒருசேர விடுமுறையான நாள் பிள்ளைக்குக் கிடைப்பதில்லை. சலிப்புற்ற பிள்ளை இரண்டில் எதனை விடும் என்பதைப் பெற்றோர் அறிவர்.

மக்தபின் விடுமுறையை மாற்றுவது மார்க்கத்தை மாற்றுவதாகுமோ என அஞ்சுவோர் உளர். மாற்ற இயலாதது நண்பகலின் அந்தத் தொழுகை. மாற்ற இயல்வது மனிதர் வகுத்த கால அட்டவணை. ஞாயிறன்று பிள்ளைக்கு ஓய்வளித்து, வெள்ளிக் காலையில் கஹ்ஃப் அத்தியாயத்தையும் ஜும்ஆவின் ஒழுங்குகளையும் கற்பித்தால், அந்நாளின் சிறப்பு பிள்ளையின் உள்ளத்தில் கூடுமேயன்றிக் குறையாது. உஸ்தாதுமார்களின் ஓய்வுக்கும் உரிய வழி கண்டு, ஜமாஅத்தார் இதனைக் கலந்தாய்தல் நலம் என்பது நம் கருத்து.