துப்பாக்கி உரிமையாளர் சட்டக் காப்பு (அமெரிக்கா)

தற்காப்புக்காகச் சுட்டவர் மேல் வழக்கு வந்தால் அதன் செலவை ஏற்பதாக உறுதியளித்து, அதற்கு முன்கூட்டியே சந்தா வாங்கும் திட்டம். சந்தா மாதம் சுமார் 11 டாலரில் தொடங்கி 50 டாலரையும் தாண்டும். விளம்பரங்கள் இதைக் ‘காப்பீடு’ என்ற தொனியில் பேசினாலும் எல்லாத் திட்டமும் காப்பீடு அல்ல. வாங்கலாமா வேண்டாமா என்ற கேள்விக்கான விடை பெரும்பாலும் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

சந்தா கட்டி வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ளும் வழக்கம் அமெரிக்காவில் பழையது. 1972இல் ஓக்லஹோமாவின் ஏடா நகரில் தொடங்கிய நிறுவனமே பின்னாளில் லீகல்ஷீல்டு ஆனது. துப்பாக்கிக்காரர்களுக்கென்று தனிச் சந்தை உருவானது 2000க்குப் பிறகு. துப்பாக்கியை மறைத்து ஏந்திச் செல்லும் உரிமையை ஒவ்வொரு மாநிலமாக அனுமதித்துவர, 2013இல் கடைசியாக இலினாயும் அனுமதித்தது. 2024இல் 29 மாநிலங்களில் அதற்கு உரிமமே தேவைப்படவில்லை. விஸ்கான்சினில் 2003இல் தொடங்கிய யுஎஸ்சிசிஏ, வாஷிங்டன் மாநிலத்தில் 2008இல் தொடங்கிய ஆர்ம்டு சிட்டிசன்ஸ் வலையமைப்பு, டெக்சாஸில் 2009இல் முளைத்த லாஷீல்டு ஆகிய அமைப்புகள் இந்த அலையோடு வளர்ந்தவை.

அச்சத்துக்குக் காரணம் உண்டு. நியாயம் தன் பக்கம் இருந்தாலும் சுட்டவர் கைதாகலாம். 5 லட்சம் டாலர் பிணைத்தொகை விதிக்கப்பட்டால், பிணை முகவர் பொதுவாக அதில் பத்து சதவீதத்தைக் கட்டணமாக எடுத்துக்கொள்வார். அந்த 50,000 டாலர், விடுதலையானாலும் திரும்பாது. பிறகு வழக்கறிஞர், தடயவியல் நிபுணர், இறந்தவரின் குடும்பம் தொடுக்கும் நஷ்டஈட்டு வழக்கு என்று செலவு நீளும். ஏழைக்கு அரசு செலவில் வழக்கறிஞர் கிடைப்பார். 1963இல் கிடியன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த உரிமையை நிலைநாட்டியது. பணக்காரர் தாங்கிக்கொள்வார். சொந்த வீடும் ஓய்வுக்காலச் சேமிப்பும் வைத்திருக்கும் இடைநிலையினர்தான் இந்தத் திட்டங்களின் உண்மையான வாடிக்கையாளர். வீட்டுக் காப்பீடு இங்கே அதிகம் உதவாது. தற்காப்புக்கான நியாயமான பலப்பிரயோகத்தைச் சில பாலிசிகள் ஏற்றாலும், அது நஷ்டஈட்டு வழக்கோடு நின்றுவிடும். குற்ற வழக்கில் ஒரு காசு வராது.

திட்டங்கள் மூன்று விதம். அமைப்பு ஒரு காப்பீட்டு நிறுவனத்திடம் பாலிசி எடுத்து உறுப்பினர்களை அதன் நிழலில் வைப்பது ஒன்று. இங்கே பாலிசி வாசகமே சட்டம், விளம்பரத் தாளல்ல. நிறுவனம் தன் வழக்கறிஞர் குழுவை அனுப்புவது இரண்டாவது. உறுப்பினர் பணத்தைப் பொது நிதியாகச் சேர்த்து உதவுவது மூன்றாவது. உச்சவரம்பு எத்தனை லட்சம் என்று ஒப்பிடுவதில்தான் பலர் நேரம் செலவழிக்கிறார்கள். அதைவிட முக்கியம் பணம் எப்போது வரும் என்பது. வழக்கு முடிந்து விடுதலையான பிறகு ஈடுகட்டும் திட்டம், பணம் தேவைப்படும் நாளில் பயன்படாது. வழக்கறிஞரைத் தேர்ந்தெடுப்பது யார், தண்டனை உறுதியானால் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பார்களா என்பவை அடுத்த கேள்விகள். குடும்பத்தினரைச் சுட்டது, மது அருந்தியிருந்தது, துப்பாக்கிக்குத் தடையுள்ள இடத்தில் வைத்திருந்தது ஆகியவற்றைப் பல திட்டங்கள் விலக்குகின்றன. குடும்பச் சண்டையில் வெடிக்கும் துப்பாக்கிகள் எத்தனை என்று நினைத்துப் பார்த்தால் முதல் விலக்கு சிறியதல்ல.

எதிர்ப்பாளர்கள் இதைக் ‘கொலைக் காப்பீடு’ என்கிறார்கள். தேசிய ரைபிள் சங்கம் 2017இல் கொண்டுவந்த கேரி கார்டு பாலிசி, வேண்டுமென்றே செய்த செயலுக்குக் காப்பளிக்கிறது என்று நியூயார்க் நிதிச் சேவைத் துறை முடிவுசெய்தது. 2018 மே மாதத்தில் அதை நிர்வகித்த லாக்டன் 70 லட்சம் டாலரும், காப்பளித்த சப் 13 லட்சம் டாலரும் அபராதம் கட்டச் சம்மதித்தன. சங்கத்தைக் கைவிடும்படி காப்பீட்டாளர்களை அந்தத் துறையின் அப்போதைய தலைவர் மிரட்டினார் என்ற தனி வழக்கை, 2024இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக மேலே செல்ல அனுமதித்தது. அது பேச்சுரிமை பற்றியது. பாலிசி சட்டப்படி செல்லுமா என்பதை அது தொடவில்லை. கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரம் துப்பாக்கி வைத்திருப்போருக்குக் கட்டாயமாக்கிய காப்பீடு முற்றிலும் வேறு: அது விபத்தில் பிறருக்கு நேரும் பாதிப்புக்கானது.

மாநிலத்துக்கு மாநிலம் கணக்கும் மாறுகிறது. ஃபுளோரிடாவில் தற்காப்பு ஏற்கப்பட்டால் நஷ்டஈட்டு வழக்கிலிருந்தும் விலக்கு உண்டு. வாஷிங்டனில் சுட்டது தற்காப்புக்காகவே என்று ஜூரி கண்டால், வழக்கறிஞர் கட்டணத்தையும் இழந்த வேலை நேரத்தையும் மாநில அரசே ஈடுகட்ட வேண்டும். ஆனாலும் தீர்ப்பு வரும்வரை பிணைக் கட்டணமும் வழக்கறிஞரின் முன்பணமும் குற்றம்சாட்டப்பட்டவரின் பையிலிருந்துதான் போகும். அந்த இடைவெளிக்குத்தான் சந்தா.