கல்லீரல் புற்றுநோயின் மீள்வருகையும் இரத்தக் குறிகாட்டிகளும்

கல்லீரல் செல்களிலிருந்தே தோன்றும் புற்றுநோய்க்கு ஹெபட்டோசெல்லுலர் கார்சினோமா என்று பெயர். அறுவைக்குப் பின் அது திரும்பி வருமா என்பதை இரத்தப் பரிசோதனையைக் கொண்டு முன்கணிக்கும் முயற்சி, 1960களில் மாஸ்கோவில் எலிகளை வைத்து நடந்த ஓர் ஆய்விலிருந்து கிளைத்தது. கட்டியை முழுமையாக வெட்டி எடுத்தாலும் 5 ஆண்டுகளுக்குள் 70 விழுக்காடு வரையிலான நோயாளிகளுக்குப் புற்று மீண்டும் தலைகாட்டுகிறது. பெரும்பாலும் மிச்சமிருக்கும் கல்லீரலிலேயே வருகிறது. அறுவை நல்லபடியாக முடிந்தது என்று கேட்டு வீடு திரும்பியவரைச் சில மாதங்களுக்கு ஒருமுறை ஸ்கேன் அறை வாசலில் உட்காரவைப்பது இந்த எண்தான். கையிலிருந்து எடுக்கும் சில மில்லிலிட்டர் இரத்தம் அந்த அச்சத்தை யாருக்குக் குறைக்கலாம், யாரிடம் கூட்ட வேண்டும் என்று பிரித்துச் சொல்லுமா என்பதே இந்தத் துறையின் கேள்வி.

இருவகை மீள்வருகை

மீள்வருகை என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு நோய்கள் இருக்கின்றன. களை பிடுங்கிய வயலில் மறுபடி களை முளைத்தால், அறுபட்ட வேர் உள்ளே கிடந்து துளிர்த்திருக்கலாம். அல்லது மண்ணில் முன்பே கிடந்த வேறு விதை முளைத்திருக்கலாம். கல்லீரலிலும் அப்படித்தான். அறுவைக்கு முன்பே கட்டியிலிருந்து கழன்று, கல்லீரலுக்குள் இரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையின் நுண்கிளைகள் வழியே கல்லீரலின் வேறு பகுதியில் தங்கிவிட்ட செல்கள் வளர்வது ஒரு வகை. வைரஸாலோ மதுவாலோ கொழுப்பாலோ ஏற்கெனவே தழும்பேறிச் சுருங்கிய கல்லீரலில் முற்றிலும் புதிய புற்று தோன்றுவது இன்னொரு வகை.

தோக்கியோவைச் சேர்ந்த இமாமுராவும் மசாதோஷி மக்கூச்சியின் குழுவினரும் 2003இல் வெளியிட்ட ஆய்வு, இவ்விரண்டையும் 2 ஆண்டு என்ற எல்லைக்கோட்டால் பிரித்தது. அதற்கு முன் வருவதைக் கட்டியின் இயல்போடும் பின் வருவதைக் கல்லீரலின் நோயோடும் அது பொருத்திக் காட்டியது. இந்தக் கோடு தோராயமானதுதான். ஆனாலும் இரத்தக் குறிகாட்டிகளின் வரலாற்றை இதை விட்டுவிட்டுப் படித்தால் குழப்பமே மிஞ்சும். ஒரு குறிகாட்டி ஓர் ஆய்வில் நன்றாகக் கணித்ததும் இன்னொன்றில் பொய்த்ததும் பல வேளைகளில் அவ்வாய்வுகள் வெவ்வேறு மீள்வருகைகளைப் பார்த்ததால்தான்.

ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீன்

மனிதக் கருவின் இரத்தத்தில் பெரியவர்களிடம் இல்லாத ஒரு புரதம் இருப்பதை 1956இல் சுவீடனின் பெர்க்ஸ்ட்ராண்டும் சாரும் கண்டனர். அப்போது அதைப் புற்றோடு சேர்த்து யாரும் பார்க்கவில்லை. மாஸ்கோவின் கமலேயா நிறுவனத்தில் காரி அபெலெவ் வேறொன்றைத் தேடிக்கொண்டிருந்தார். எலியின் கல்லீரல் புற்றுக்கு மட்டுமே உரிய ஒரு பொருள் கிடைக்குமா என்பது அவர் தேடல். கிடைத்ததோ கருவிலும் பிறந்த குட்டியிலும் இயல்பாக இருந்து, வளர்ந்த எலியில் மறைந்து, புற்று வந்ததும் மறுபடி சுரக்கும் ஒரு புரதம். 1963இல் அவரும் தோழர்களும் இதை வெளியிட்டனர். அடுத்த ஆண்டே வோல்கா ஆற்றங்கரை நகரமான அஸ்த்ரகானில் யூரி தத்தாரினோவ், கல்லீரல் புற்றுநோயாளியின் இரத்தத்திலும் அதே புரதத்தைக் கண்டார். ஏ.எஃப்.பி. என்று இன்று ஆய்வுக்கூடச் சீட்டில் எழுதப்படும் ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீன் அதுதான்.

தொடக்கத்தில் ஜெல்லில் இரத்தநீரையும் எதிர்ப்பொருளையும் பரவவிட்டு, இடையே வெண்கோடு படிகிறதா என்று பார்த்தார்கள். மில்லிலிட்டருக்கு ஆயிரக்கணக்கான நானோகிராம் இருந்தால்தான் கோடு தெரியும். அதாவது நோய் முற்றிய பிறகுதான். 1971இல் ஃபின்லாந்தின் எர்க்கி ருவோஸ்லாத்தியும் மார்க்கு செப்பாலாவும் கதிரியக்க எதிர்ப்பொருள் முறையை உருவாக்கிச் சில நானோகிராம்களையும் அளந்தனர். ஆரோக்கியமான பெரியவர்களின் இரத்தத்திலும் துளியளவு ஏ.எஃப்.பி. இருப்பது அதனால் தெரியவந்தது. ‘உண்டு, இல்லை’ என்று மட்டும் சொன்ன சோதனை, ஏறி இறங்கும் ஓர் எண்ணாக மாறியது. மீள்வருகையைக் கண்காணிப்பது இந்த மாற்றத்துக்குப் பிறகே சாத்தியமாயிற்று.

அந்த எண்ணை முதலில் பெரிய அளவில் பயன்படுத்தியவர்கள் சீனர்கள். யாங்சி ஆற்று முகத்துவாரத்தில் இருக்கும் சிதோங் மாவட்டத்தில் கல்லீரல் புற்று மிகுதி. 1970களின் தொடக்கத்தில் அங்கே அறிகுறியே இல்லாத மக்களிடம் ஏ.எஃப்.பி. சோதனை நடத்தப்பட்டது. ஷாங்காய் சோங்ஷான் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் தாங் சாவ்யூ, அப்படிக் கண்டறிந்த சிறு கட்டிகளை அகற்றினார். அதோடு நில்லாமல், அறுவைக்குப் பின்னும் அந்நோயாளிகளின் ஏ.எஃப்.பி. அளவைத் தொடர்ந்து பார்த்து, அது மெல்ல ஏறத் தொடங்கியவர்களிடம் அறிகுறி தோன்றுமுன்பே மறு அறுவை செய்தார். திரும்பி வந்த கல்லீரல் புற்று என்றால் கைவிடவேண்டியதுதான் என்று மருத்துவ உலகம் எண்ணியிருந்த காலம் அது. தாங்கின் துணிவு இந்த வரலாற்றில் பெறவேண்டிய இடத்தை இன்னும் முழுமையாகப் பெறவில்லை என்றே சொல்ல வேண்டும்.

அறுவைக்குப் பிந்தைய கணக்கு எளிது. இரத்தத்தில் ஏ.எஃப்.பி. பாதியாகக் குறைய 5 முதல் 7 நாள் ஆகும். அறுவைக்கு முன் மில்லிலிட்டருக்கு 400 நானோகிராம் இருந்தவருக்கு ஐந்தாறு வாரத்தில் அது 10க்குக் கீழே வந்திருக்க வேண்டும். வராமல் நடுவழியில் நின்றுவிட்டால், சுரக்கும் செல்கள் எங்கோ மிச்சமிருக்கின்றன என்று ஐயுறலாம். முதல் அளவைவிட இந்த இறக்கத்தின் போக்கே அதிகம் சொல்கிறது.

குறையும் உண்டு. கல்லீரல் புற்றுநோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஏ.எஃப்.பி. உயர்வதே இல்லை, சிறு கட்டிகளில் இன்னும் பலருக்கு உயர்வதில்லை. மறுபுறம் கர்ப்பகாலத்திலும், கல்லீரல் அழற்சி தீவிரமாகும்போதும், வெட்டிய கல்லீரல் மீண்டும் வளரும்போதும் அது ஏறக்கூடும். அறுவைக்கு முன்பே இயல்பாக இருந்தவருக்கு, பின்னும் இயல்பாக இருப்பது ஆறுதலுக்குரிய செய்தி அல்ல. நோயாளிக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

இந்த இடைவெளியை நிரப்ப வந்தவை இரண்டு. 1984இல் அமெரிக்காவில் லீப்மன், ஃப்யூரி முதலியோர் இரத்த உறைவுப் புரதமான புரோத்ராம்பினின் குறைவடிவம் ஒன்றைக் கல்லீரல் புற்றுநோயாளிகள் 76 பேரில் 69 பேரிடம் கண்டனர். வைட்டமின் கே துணையோடு முடியவேண்டிய கடைசி வேதிமாற்றம் புற்றுச் செல்லில் நடக்காமல் போவதால் இது வெளிவருகிறது. ஜப்பானில் இதைப் பிவ்கா-2 என்று அழைக்கிறார்கள், வேறிடங்களில் டி.சி.பி. வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும், நெடுநாள் மஞ்சள்காமாலையால் வைட்டமின் கே குறைந்தவர்களுக்கும் இது பொய்யாக ஏறும். ஆனால் ஏ.எஃப்.பி. சொல்லாத ஒன்றை இது சொல்கிறது. தோக்கியோவில் 227 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2001இல் வெளிவந்த ஆய்வு, பிவ்கா-2 உயர்ந்தவர்களுக்குப் பின்னாளில் போர்ட்டல் சிரைக்குள் புற்று புகும் வாய்ப்பு கூடுதல் என்றது. அறுவைக்குப் பின் நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும் இரத்தக்குழாய் ஊடுருவலுக்கு, அறுவைக்கு முன்பே இரத்தத்தில் ஒரு தடயம் கிடைத்தது.

மற்றொன்று ஏ.எஃப்.பி.யின் உள்வகை. புற்றுச் செல் சுரக்கும் ஏ.எஃப்.பி.யின் சர்க்கரைச் சங்கிலியில் ஃபியூகோஸ் என்னும் மூலக்கூறு கூடுதலாக ஒட்டியிருக்கும். மைசூர் பருப்பிலிருந்து பிரித்தெடுக்கும் லெக்டின் அதை இறுகப் பற்றிக்கொள்ளும். அப்படிப் பற்றப்படும் பங்கு எல்-3 எனப்படுகிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் வளர்த்தெடுத்த இச்சோதனையில் மொத்த ஏ.எஃப்.பி.யில் 10 விழுக்காட்டுக்கு மேல் எல்-3 இருந்தால் ஆபத்து என்று கொள்ளப்படுகிறது. மூன்றையும் சேர்த்துப் பார்ப்பது ஜப்பானில் வழக்கமாயிற்று. மற்ற நாடுகள் மெதுவாகவே பின்தொடர்ந்தன.

கல்லீரலைப் பார்க்கும் குறிகாட்டிகள்

இதுவரை சொன்னவை எல்லாம் கட்டி விட்டுச்செல்லும் தடயங்கள். 2 ஆண்டுக்குப் பின் வரும் புதுப் புற்றை அவை கணிப்பது கடினம். அதற்குக் கல்லீரலின் நலத்தை அளக்க வேண்டும்.

ஹெபடைட்டிஸ் பி வைரஸின் டி.என்.ஏ. அளவு இவற்றில் முதன்மையானது. வைரஸ் மிகுதியாக இருந்தவர்களுக்குத் தாமதமாக வரும் மீள்வருகை கூடுதல் என்பது தைவானிலும் ஹாங்காங்கிலும் தெரியவந்தது. 2012இல் தைவானின் தேசிய மருத்துவக் காப்பீட்டுப் பதிவுகளிலிருந்து, அறுவை செய்துகொண்ட 4569 பேரை ஆராய்ந்தார்கள். வைரஸ் எதிர்ப்பு மருந்து எடுத்தவர்களில் 6 ஆண்டுகளில் புற்று திரும்பியது 45.6 விழுக்காட்டினருக்கு, எடுக்காதவர்களில் 54.6. வித்தியாசம் பெரியதாகத் தோன்றாமல் இருக்கலாம். ஆனால் இந்தக் கட்டுரையில் பேசப்படும் குறிகாட்டிகளில், அளந்த கையோடு மாத்திரையால் குறைக்கவும் கூடியது இது ஒன்றே. இன்றும் ஹெபடைட்டிஸ் பி தொற்றுடன் கல்லீரல் அறுவைக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் இந்தச் சோதனை தவறாமல் செய்யப்பட வேண்டும்.

ஆல்புமின், பிலிருபின் ஆகிய இரண்டு சாதாரண அளவுகளை மட்டும் வைத்து 2015இல் பிரிட்டனின் ஃபிலிப் ஜான்சன் குழுவினர் உருவாக்கிய ‘ஆல்பி’ தரமும் இவ்வகையே. இரத்த அணுக்களின் எண்ணிக்கையிலிருந்து அழற்சியை மதிப்பிடும் முயற்சிகளும் பெருகின. 2014இல் சோங்ஷான் மருத்துவமனை வெளியிட்ட குறியீடு தட்டணுக்களை நியூட்ரோஃபில்களால் பெருக்கி லிம்ஃபோசைட்டுகளால் வகுக்கிறது. எந்தச் சிற்றூர் ஆய்வுக்கூடத்திலும் செய்யக்கூடியது என்பது அதன் பலம். காய்ச்சல் வந்தாலும் மாறும் என்பது பலவீனம்.

கட்டி, கல்லீரல் என்ற இரு பக்கத்தையும் ஒரே கணக்கில் சேர்த்தது 2018இல் ஹாங்காங் ஆய்வாளர்கள் முன்னின்று வெளியிட்ட எராசல் மாதிரி. ஏறத்தாழ 3900 நோயாளிகளின் தரவிலிருந்து பாலினம், ஆல்பி தரம், ஏ.எஃப்.பி., கட்டியின் அளவு, எண்ணிக்கை, நுண்குழாய் ஊடுருவல் ஆகியவற்றைக் கொண்டு 2 ஆண்டுக்குள் மீளும் ஆபத்தை அது மூன்று படிகளாக வகுத்தது.

மாற்றுக் கல்லீரல் சிகிச்சையில் குறிகாட்டிகள் இன்னும் உறுதியாகக் காலூன்றின. நோயுற்ற கல்லீரல் முழுவதும் போய்விடுவதால் அங்கே மீள்வருகை என்பது ஏறக்குறைய எப்போதும் பழைய கட்டியின் எச்சமே. கேள்வி தெளிவாக இருப்பதால் விடையும் தெளிவாகிறது. யாருக்கு மாற்றுக் கல்லீரல் தரலாம் என்று வகுத்த 1996இன் மிலான் விதிகள் கட்டியின் அளவையும் எண்ணிக்கையையும் மட்டுமே பார்த்தன. 2012இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் ஏ.எஃப்.பி.யைச் சேர்த்தனர். ஜப்பானின் 5-5-500 விதி, 5 சென்டிமீட்டருக்குள் 5 கட்டிகள் வரை, ஏ.எஃப்.பி. 500 வரை என்று கோடு கிழித்தது. அமெரிக்காவில் ஏ.எஃப்.பி. 1000ஐத் தாண்டியவர், சிகிச்சையால் அதை 500க்குக் கீழே கொண்டுவந்தாலே காத்திருப்போர் பட்டியலில் முன்னுரிமை பெறுகிறார். ஓர் இரத்தப் பரிசோதனை எண் ஒருவருக்கு உறுப்பு கிடைக்குமா என்பதையே தீர்மானிக்கும் இடம் இது.

கட்டியின் துகள்கள்

இரத்தத்தில் புற்றுச் செல்கள் மிதப்பதை 1869இலேயே ஆஸ்திரேலியாவில் ஆஷ்வர்த் கண்டிருந்தார். செல்லுக்கு வெளியே டி.என்.ஏ. மிதப்பதை 1948இல் பிரான்சின் மாந்தேலும் மேத்தேவும் கண்டனர். இரண்டும் கல்லீரல் புற்றுக்கு வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று. 1999இல் ஹாங்காங்கில், கல்லீரல் புற்றுநோயாளிகளின் பிளாஸ்மாவில் பி16 மரபணுவின் டி.என்.ஏ.யில் ஒட்டும் வேதிக்குறியான மெத்தில் படிவு மாறியிருப்பது கண்டறியப்பட்டது. 2013இல் ஷாங்காய் ஆய்வாளர்கள், அறுவைக்கு முன் 7.5 மில்லிலிட்டர் இரத்தத்தில் எப்கேம் புரதம் தாங்கிய புற்றுச் செல்கள் இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் மீள்வருகை கூடுதல் என்று 123 நோயாளிகளிடம் காட்டினர். ஒரு குழாய் இரத்தத்தில் இரண்டே செல். கருவி சற்றே தவறினால் முடிவு மாறிவிடும்.

ஹெபடைட்டிஸ் பி தொற்றினால் வந்த புற்றுக்கு இன்னொரு நுட்பமான வழி இருக்கிறது. வைரஸின் மரபணு மனித மரபணுவில் போய் ஒட்டிக்கொள்ளும் இடம் ஒவ்வொரு கட்டிக்கும் வேறு. அந்த ஒட்டு, கட்டியின் கைரேகை போன்றது. தைவான் ஆய்வாளர்கள் 2020இல் இதை இரத்தத்தில் தேடினர். அறுவைக்குப் பின் அதே ஒட்டு தெரிந்தால் பழைய கட்டியின் எச்சம். வேறு ஒட்டு தெரிந்தால் புதிய புற்று. இமாமுரா காலத்தை அளந்து ஊகித்த வேறுபாட்டை இரத்தமே நேராகச் சொல்லும் வாய்ப்பு இதில் உள்ளது. இத்துறையில் எனக்கு மிகுந்த நம்பிக்கை அளிப்பது இதுவே.

கணிப்பும் சிகிச்சையும்

மீள்வருகையை முன்கூட்டி அறிந்து என்ன செய்வது? அறுவைக்குப் பின் சோராஃபெனிப் என்னும் மருந்தைக் கொடுத்துப் பார்த்த ஸ்டார்ம் ஆய்வு 1114 நோயாளிகளைச் சேர்த்தும் பயன் காட்டவில்லை; அதன் முடிவு 2015இல் வெளியானது. அட்டெசோலிஸுமாப், பெவாசிஸுமாப் ஆகிய இரு மருந்துகளை 668 பேரிடம் சோதித்த இம்பிரேவ்050 ஆய்வு, 2023இல் மீள்வருகை குறைவதாக அறிவித்துப் பெரும் எதிர்பார்ப்பை எழுப்பியது. 2024இல் நீண்டகாலத் தரவு வந்தபோது அந்தப் பயன் நிலைக்கவில்லை.

இம்பிரேவ்050 ஆய்வில் சேர்க்க வேண்டிய ஆபத்து மிகுந்தவர்களைக் கட்டியின் அளவு, எண்ணிக்கை, இரத்தக்குழாய் ஊடுருவல், நுண்ணோக்கியில் செல்லின் தோற்றம் ஆகியவற்றைக் கொண்டே தேர்ந்தெடுத்தார்கள். ஏ.எஃப்.பி., பிவ்கா-2, மிதக்கும் டி.என்.ஏ. எதுவும் தேர்வு விதியில் இல்லை. எச்சம் இருப்பவரும் இல்லாதவரும் ஒரே வரிசையில் நின்று ஒரே மருந்தை வாங்கினார்கள். அறுவைக்குச் சில வாரங்களுக்குப் பின் இரத்தத்தில் எச்சம் தெரிபவர்களை மட்டும் தேர்ந்தெடுத்து மருந்து கொடுத்துப் பார்க்கும் பெரிய ஆய்வே இத்துறைக்கு இப்போது மிகவும் தேவை. அதுவரை, முதல் 2 ஆண்டுகள் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் பின்னர் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் ஸ்கேனும் ஏ.எஃப்.பி.யும் பார்ப்பதே பெரும்பாலான மருத்துவமனைகளின் நடைமுறை.