சிற்றோடை ஈத்தூண்டில்

இறகும் நூலும் தூண்டில் முள்ளில் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சியைக் காட்டி, குளிர்ந்த ஓடைகளில் தாமே பெருகி வாழும் டிரவுட், கிரேலிங் மீன்களைப் பிடிக்கும் முறை. ஆங்கிலேயர் இதை ஃப்ளை ஃபிஷிங் என்பர். புழுத் தூண்டிலில் ஈயக்குண்டின் எடை தூண்டில் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். பொய் ஈக்கோ எடையே இல்லை. ஆகையால் நரம்பையே கனமாகச் செய்து, கோல் வளைந்து நிமிரும் விசையால் அதை வீசுவர். ஈ அதன் நுனியில் தொடர்ந்து சென்று நீரில் இறங்கும். பல நாடுகளில் இம்முறை உண்டெனினும், நூல்களில் பதிவாகி வளர்ந்தது பெரும்பாலும் இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலுமே.

பழுப்பு டிரவுட் இங்கிலாந்தின் நீர்களில் இயல்பாகவே வாழும் மீன். லின்னேயஸ் 1758இல் இதற்கு சால்மோ டிரட்டா என்று பெயரிட்டார். ஆற்றில் வாழ்வதையும் ஏரியில் வாழ்வதையும் வேறு இனங்களாகவே எழுதினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இப்பகுப்பு மேலும் பெருகியது. ஒரு பள்ளத்தாக்கின் மீன் அடுத்த பள்ளத்தாக்கின் மீனைப் போல் இராது. புள்ளியின் நிறமும் உடலின் பருமனும் மாறும். அவ்வேறுபாடுகளையே இனவேறுபாடாகக் கொண்டனர். உண்மையில் இவை அனைத்தும் ஒரே இனம். கடலுக்குப் போய்த் திரும்பும் வெள்ளிநிற மீனும் அதுவே. வளம் குறைந்த மலையோடையில் ஒரு சாண் நீளமுள்ள டிரவுட்டே முதிர்ந்த மீனாக இருக்கலாம். ஒவ்வொன்றும் ஒரு கல்லின் மறைவையோ வேரடிக் குழியையோ தனக்கென வைத்துக்கொண்டு, பிறவற்றை விரட்டும். நீர் 19 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பமடைந்தால் அதன் வளர்ச்சி நின்றுவிடும்.

கிரேலிங்கின் அறிவியற்பெயர் தைமல்லஸ் தைமல்லஸ். புதிதாகப் பிடித்த மீனில் தைம் என்னும் பூண்டின் மணம் வீசும் என்பதால் அமைந்த பெயர். பாய்போல் விரியும் முதுகுத்துடுப்பும் சிறிய வாயும் இதன் அடையாளங்கள். டிரவுட்டைப் போலன்றிக் கூட்டமாகத் திரியும். ஓடையின் அடியிலேயே நின்று, மேலே மிதந்து வரும் பூச்சிக்குச் செங்குத்தாக எழும். டிரவுட் இலையுதிர்காலத்திலும் குளிர்காலத் தொடக்கத்திலும் முட்டையிட, கிரேலிங் இளவேனிலில் இடும். முதுகில் கொழுப்புத்துடுப்பு உள்ள சால்மன் குடும்பத்ததே என்றாலும், இங்கிலாந்தின் சட்டம் அதைச் சாதாரண ஆற்றுமீன்களோடு சேர்த்து, ஜூன் 16 முதல் மார்ச் 14 வரை பிடிக்க விடுகிறது. டிரவுட் பருவம் முடிந்தபின்னும் குளிர்காலம் முழுதும் தூண்டிற்காரருக்கு வேலை இருப்பது இதனால்தான். தென்னிங்கிலாந்தின் ஆற்றுக்காவலர் பலர் கிரேலிங் டிரவுட்டின் உணவைப் பறிக்கிறதென்று வலைபோட்டு அள்ளி வீசினர். ஆனால் பல ஆறுகளில் இரண்டும் நெடுங்காலமாக ஒரே நீரில் வாழ்ந்தவை, அக்குற்றச்சாட்டில் வலுவில்லை.

பொய் ஈ பற்றிய பழைய விரிவான குறிப்பு ரோமப் பேரரசுக் காலத்து எழுத்தாளர் ஏலியன் எழுதியது. மாசிடோனியாவில் அஸ்திரேயஸ் என்னும் ஆற்றில், புள்ளியுள்ள மீன்களுக்காக முள்ளில் செந்நிறக் கம்பளி சுற்றி, சேவலின் இரு இறகுகளைக் கட்டுவர் என்கிறார். கோல் ஆறடி, நரம்பும் ஆறடி. உயிருள்ள பூச்சியைக் கையால் தொட்டால் அதன் நிறம் கெட்டு, மீன் சீண்டாது என்பதே பொய் ஈக்கு அவர் கூறும் காரணம். பிறகு நீண்ட இடைவெளி. 1496இல் வெஸ்ட்மின்ஸ்டரில் விங்கின் டி வோர்ட் அச்சிட்ட தூண்டில் நூலில் பன்னிரண்டு ஈக்களின் செய்முறை உள்ளது. குதிரைமயிரைச் சாயமேற்றி நரம்பு திரிக்கும் விதமும் உண்டு. ஜுலியானா பெர்னர்ஸ் என்னும் கன்னிமடத் தலைவி இதை எழுதினார் என்பது கதை, சான்றில்லை. ஐசக் வால்டனின் புகழ்பெற்ற தூண்டில் நூல் 1653இல் வந்தது. ஆனால் ஈத்தூண்டிலில் வால்டன் பெரிய கையல்லர். 1676 பதிப்பில் அவருடைய நண்பர் சார்ல்ஸ் காட்டன் சேர்த்த இரண்டாம் பகுதியே தெளிந்த ஓடையில் டிரவுட், கிரேலிங் பிடிப்பதற்கான முதல் முழுமையான பாடம். டர்பிஷயர் எல்லையில் டவ் ஆற்றங்கரையில் காட்டன் 1674இல் கட்டிய தூண்டில்மனை இன்றும் நிற்கிறது. அதன் வாயிலில் இருவர் பெயரின் முதலெழுத்துகளும் பின்னிப் பொறிக்கப்பட்டுள்ளன.

சிற்றோடைக்கு இலக்கணம் வகுத்தவர் எடின்பரோ வழக்கறிஞர் டபிள்யூ. சி. ஸ்டூவர்ட். அவருடைய நூல் 1857இல் வெளியானது. டிரவுட் நீரோட்டத்தை எதிர்நோக்கியே நிற்கும். ஆகவே அதன் பின்புறமாக, கீழிருந்து மேல்நோக்கி நடந்து வீசவேண்டும் என்றார். எளிதான இவ்வுண்மையைப் பலரும் அதுவரை பொருட்படுத்தவில்லை. சிலந்தி எனப்பட்ட மூன்று மெல்லிறகு ஈக்களே அவருக்குப் போதுமானவை. யார்க்‌ஷயர் ஓடைகளின் ஈக்களை டி. இ. பிரிட் 1885இல் தொகுத்தார்: கௌதாரி இறகுடன் ஆரஞ்சுப் பட்டு, உள்ளான் இறகுடன் ஊதாப் பட்டு என்பன அவற்றுள் சில. இறகு மென்மையாக இருப்பதால் நீரில் மூச்சுவிடுவதுபோல் அசையும். தென்னிங்கிலாந்தில், 1886 முதல் நூல்கள் எழுதிய ஹால்ஃபோர்டு என்பவர் மிதக்கும் ஈ ஒன்றே முறையானது என்றார். ஸ்கியூஸ் என்பவர் 1910இல் நீருக்கடியில் நீந்தும் இளம்பூச்சியின் வடிவமும் தகும் என்றார். ஆங்கில நூல்கள் இச்சண்டைக்குக் கொடுத்த பக்கங்கள் மிகப் பல. இடுப்பளவு புதரும் முழங்காலளவு நீரும் உள்ள மலையோடையில் அதற்கு இடமே இல்லை. அங்கு மீன் கண்டதைத் தின்னும். கரைமரத்திலிருந்து விழும் வண்டும் புழுவும் அதன் கோடை உணவில் பெரும்பங்கு.

இன்று ஏழெட்டடிக் கோலும் இலேசான நரம்பும் வழக்கில் உள்ளன. ஈ நீரோட்டத்தின் வேகத்திலேயே மிதக்கவேண்டும். நரம்பு இழுத்து அது கோடு கிழித்தால் மீன் ஒதுங்கிவிடும். குனிந்து நடப்பதும் தன் நிழல் நீரில் விழாமல் பார்ப்பதும் வீச்சுத்திறனைவிடப் பயன் தருவன. ஜப்பானின் டென்காரா என்னும் ஈத்தூண்டில் முறையில் நரம்பைச் சுற்றும் உருளையே கிடையாது.

எதிர்க்கூர் இல்லாத முள்ளால் பிடித்து மீனைத் திரும்ப விடுவது பரவலாகிவிட்டது. கழிவுநீர், வண்டல், வெப்பம் ஆகியவற்றால் ஓடைகள் நலிகின்றன. கிரேலிங்குக்கெனத் தனிச் சங்கம் 1977இல் தோன்றியது.

ஆங்கிலேயர் இவ்விளையாட்டுக்காகவே இலங்கை மலைநாட்டில் 1880களில் பழுப்பு டிரவுட்டை விட்டனர். நீலகிரியில் மீனியல் அறிஞர் ஃபிரான்சிஸ் டே 1860களில் எடுத்த முயற்சி தோற்றது. மீன்வளர்ப்பு வல்லுநர் எச். சி. வில்சன் காலத்தில், 1907ஐ ஒட்டி, அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. ஆனால் அங்கு நிலைபெற்றது வானவில் டிரவுட். கிரேலிங் இவ்விரு மலைகளிலும் இல்லை.