544, 2400: சர்வோ மோட்டாரின் இரு எல்லைகள் குறித்து ஒரு மறுவாசிப்பு

ஆர்டுயினோ பலகையிலிருந்து சர்வோ மோட்டாருக்குச் செல்லும் துடிப்பின் இயல்பான எல்லைகள் 544, 2400 மைக்ரோ நொடிகள். முன்னது 0 பாகைக்கு உரியது, பின்னது 180 பாகைக்கு உரியது என்று ஆர்டுயினோவின் அதிகாரபூர்வ ஆவணம் உரை சொல்கிறது. ஸ்கூடாயிலும் பாரிட் ராஜாவிலும் தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்கள் உள்ள மலேசியாவின் ஜொகூரில் இந்த உரை வெறும் அடிக்குறிப்பு அல்ல. பாரிட் ராஜா நிறுவனமே 1993இல் பாலிடெக்னிக் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கத் தொடங்கப்பட்டதுதான். கற்பிப்பவர் கையில் எடுக்கும் முதல் உரை எது என்பது இங்கே முக்கியமான கேள்வி. அந்த உரை மூலத்தைத் தவறாகப் படித்திருக்கிறது என்பது என் வாதம்.

பின்னணி தெரிந்ததே. வானொலியால் இயங்கும் விளையாட்டு விமானங்களுக்காக 1960களில் உருவான மரபில், சுமார் 20 மில்லி நொடிக்கு ஒருமுறை ஒரு துடிப்பு போகும். அதன் அகலம் மோட்டாரின் கை நிற்க வேண்டிய இடத்தைச் சொல்லும். உள்ளிருக்கும் பொட்டன்ஷியோமீட்டர் கையின் நடப்பு நிலையைத் தெரிவிக்க, வேறுபாடு தீரும்வரை மோட்டார் சுழலும். நடுநிலைக்கே பாடபேதங்கள் உண்டு: தயாரிப்பாளர்களில் ஜேஆர் 1500 மைக்ரோ நொடி என்றது, ஃபுட்டாபா 1520, மல்டிபிளெக்ஸ் 1600. பாகை என்ற பேச்சே இந்த மரபில் இல்லை. எத்தனை பாகை என்பதைப் பல்சக்கரமும் பொட்டன்ஷியோமீட்டரும் தீர்மானிக்கின்றன.

இனி ஆவணத்தின் வாசிப்புக்கு வருவோம். அதே ஆவணம், மைக்ரோ நொடியில் நேரடியாக ஆணையிடும் கட்டளையை விளக்கும்போது, வழக்கமான சர்வோவுக்கு 1000 ஒரு முனை, 2000 மறுமுனை, 1500 நடு என்கிறது. முனை 544 என்றால் 1000 முனையாக முடியாது. ஒன்று பொதுவழக்கு, மற்றது ஆர்டுயினோவின் சர்வோ நிரல் நூலகத்தின் இயல்பு மதிப்பு என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் நிரலே அதற்கு இடம் தரவில்லை. மோட்டாரை இணைத்தவுடன் நூலகம் அனுப்புவது 1500. அடுத்து 90 பாகை என்று ஆணையிட்டால் அனுப்புவது 544க்கும் 2400க்கும் நடுவான 1472. ஒரே கோப்பில் இரண்டு நடுக்கள்! வேறுபாடு 28 மைக்ரோ நொடி. நூலகத்தின் சொந்தக் கணக்கிலேயே ஏறத்தாழ 2.7 பாகை. மாணவர்கள் வாங்கும் 9 கிராம் எஸ்ஜி90 மோட்டாரின் அசையா இடைவெளி 10 மைக்ரோ நொடிதான். ஆகவே கை சற்று நகர்வது கண்ணுக்கே தெரியும். இணைத்ததும் 'துள்ளுகிறது' என்று மோட்டாரைப் பழிக்கும் முன் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

544 எங்கிருந்து வந்தது? இன்றைய நூலகத்தை 2009இல் எழுதியவர் மைக்கேல் மார்கோலிஸ். ஆர்டுயினோ 0017 பதிப்போடு அது வந்தது. அதற்கு முந்தைய, பலகையின் 9, 10 ஆகிய இரு இணைப்பு ஊசிகளை மட்டும் இயக்கிய ஜிம் ஸ்டட்டின் கோப்பில் எல்லைகள் வேறு அலகில் உள்ளன. அங்கே இருப்பவை 34, 150. அலகு 16 மைக்ரோ நொடி. 34ஐ 16ஆல் பெருக்கினால் 544, 150ஐப் பெருக்கினால் 2400. அன்றைய பலகைகளின் ஏடிமெகா168 சில்லில் நினைவகம் 1024 பைட்டுகள். ஒரு பைட்டில் 255 வரைதான் எழுத முடியும். 16ஆல் பெருக்கினால் 4080, அதாவது 4 மில்லி நொடிவரை எட்டும். சிக்கனம்தான் அலகைத் தேர்ந்தது. அந்த எண்கள் பெருக்கி விரித்து எழுதப்பட்டபோது, ஏடு பெயர்த்தெழுதுவோர் சுருக்கக் குறியை விரிப்பதுபோல், அலகு மறைந்து எண் மட்டும் நின்றது. ஆவணம் அந்த எண்ணுக்குப் பாகையை ஏற்றியது.

34, 150 ஆகிய இரண்டையும் தேர்ந்தது ஏன்? கோப்பின் குறிப்புகளில் காரணம் இல்லை. ஆயினும் ஒன்றை உறுதியாகவே சொல்வேன்: இவை 1500ஐ நடுவாக வைத்து வகுத்தவை அல்ல. அப்படியிருந்தால் 34க்கு இணை 154. நடு 94, அதாவது 1504. 16இன் அலகில் 1500க்கு அதைவிட நெருங்க முடியாது. அந்த எளிய சமச்சீரை ஒருவர் கைவிட்டிருக்கிறார் என்றால், கையிலிருந்த ஏதோ ஒரு மோட்டார் எங்கே முட்டியது என்பதைப் பார்த்தே எழுதியிருக்க வேண்டும். சான்று மெலிது; ஆனால் எதிர்வாதத்துக்கு அதுவும் இல்லை. ஃபுட்டாபாவின் 1520, 16இன் சரியான 95 மடங்கு என்பது கவர்ச்சியான செய்தி. ஸ்டட்டின் நடு 92 என்பதால் அந்த உறவை நான் ஏற்கவில்லை.

மார்கோலிஸும் சிக்கனத்தை முற்றிலும் விடவில்லை. பயனர் தரும் கீழ் எல்லை 544இலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதை 4ஆல் வகுத்து ஒரே பைட்டில் அடக்குகிறார். எனவே 545 என்று கொடுத்தாலும் நூலகம் 544 என்றே படிக்கும். ஸ்டட்டின் கோப்பு 2009க்கு முந்தியது என்பது உறுதி. 34 எப்போது அதில் புகுந்தது என்பதை இந்த ஒப்பீட்டால் மட்டும் தீர்க்க முடியாது.