புள்ளி மட்டும் ஏன் அழிகிறது?



"ஃபோனில 'க்' ஐ அழிச்சால் புள்ளி மட்டும்தான் போகுது, ஏன் சேர்?" என்று ஒரு மாணவன் கேட்டான்.

விடை எங்கள் யாழ்ப்பாணத்தில் தொடங்குகிறது. 1886 இல் சுண்டிக்குளியில் பிறந்து மலாயா சென்ற ஆர். முத்தையாவே தமிழ்த் தட்டச்சுப்பொறியை உருவாக்கியவர். 247 எழுத்துக்கும் தனித்தனி விசை வைக்க முடியாது. அதனால் நகரா விசையை அமைத்தார். முதலில் புள்ளியை அடித்தால் தாள் நகராது. அதே இடத்தில் 'க' அடித்தால் 'க்' ஆகிவிடும்.

இன்றைய யுனிகோடிலும் 'க்' என்பது இரண்டு குறிகள்தான். வரிசை மட்டும் மாறிவிட்டது: முதலில் எழுத்து, பிறகு புள்ளி. கடைசியாக வந்த புள்ளியே முதலில் அழிகிறது.

கைபேசியில் தமிழ் அடிக்கும் பிள்ளைகளுக்கு முத்தையாவின் பெயரையும் சொல்லிக்கொடுப்போம். அவர் எங்கள் ஊரவர்.