ரீவி இல்லாத வீட்டுக்கு வரும் கடிதம்

படிக்கவென்று இலண்டனுக்குப் போய் இறங்கிய ஒரு பொடியனை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு அறை, ஒரு கட்டில், ஒரு மடிக்கணினி. ரீவி கிடையாது. கொஞ்ச நாளில் ஒரு கடிதம் வருகிறது. அதில் அவனுடைய பெயர் இல்லை. 'சட்டப்படி இங்கு குடியிருப்பவருக்கு' என்று மட்டும் இருக்கிறது. இந்த முகவரிக்குத் தொலைக்காட்சி அனுமதிப்பத்திரம் இல்லை, விசாரிக்க ஆள் வரலாம் என்கிறது கடிதம். கதவு தட்டும் சத்தத்துக்குப் பயந்து வளர்ந்த நம்ம ஆக்களுக்கு இப்படி ஒரு கடிதம் என்ன செய்யும் எண்டு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

பார்க்காத ரீவிக்கு ஏன் பதில் சொல்லவேணும்? இதுக்கு விடை நூறு வருசத்துக்கு மேல் பின்னால் இருக்கிறது.

1904இல் பிரித்தானியா கம்பியில்லாத் தந்திச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அப்போது வானொலி நிகழ்ச்சி என்று ஒன்றே இல்லை. ஆனால் அலையை அனுப்பவும் வாங்கவும் கருவி வைத்திருப்பவர் அரசிடம் அனுமதி பெறவேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது. 1922இல் பிபிசி ஒலிபரப்பைத் தொடங்கியபோது அதே அனுமதி 10 ஷில்லிங் கட்டணமாக மாறியது. விற்றது தபால் திணைக்களம். ஆக, இந்த லைசென்ஸ் நிகழ்ச்சிக்குக் கொடுக்கும் விலையாகப் பிறக்கவில்லை. கருவி வைத்திருக்க அரசு கொடுக்கும் அனுமதியாகத்தான் பிறந்தது. பின்னால் வந்த சிக்கல்கள் பலவற்றுக்கும் வேர் இதுதான். இலங்கையிலும் ஒரு காலத்தில் ரேடியோவுக்கு லைசென்ஸ் எடுத்தார்கள். வீட்டில் வயசான ஆக்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

போர் முடிந்து 1946 ஜூனில் தொலைக்காட்சி திரும்ப வந்தது. கூடவே 2 பவுண்ஸ் தொலைக்காட்சி லைசென்ஸும் வந்தது. 1952இல் தபால் திணைக்களம் ரீவியைக் கண்டுபிடிக்கும் வான்களை வீதியில் இறக்கியது. அது முழுக்கப் புளுகு எண்டு சொல்லமுடியாது. அந்தக்காலப் பெட்டிகள் அலையை வாங்கும்போது, உள்ளே இருக்கும் ஒசிலேற்றர் கொஞ்சம் அலையை வெளியே கசியவிடும். வான் அதைத்தான் பிடித்தது. ஆனால் பிடித்ததைவிடப் பயமுறுத்தியதுதான் கூட. வான் ஊருக்குள் வருகுதாம் என்ற கதை பரவினாலே தபால் கந்தோரில் வரிசை நீளும்.

வானை விடப் பலமான கருவி ஒன்று இருந்தது. அது முகவரிப் பட்டியல். நாட்டில் உள்ள வீடுகள் எல்லாம் ஒரு பக்கம், லைசென்ஸ் எடுத்த வீடுகள் மறுபக்கம். மிச்சம் இருப்பவை சந்தேகத்துக்குரியவை. 1967இல் வந்த சட்டம், ரீவி விற்கும் கடைக்காரர் வாங்கியவரின் பெயரையும் முகவரியையும் அறிவிக்கவேண்டும் என்றது. 2013 வரைக்கும் அது நடைமுறையில் இருந்தது. எல்லா வீட்டிலும் ரீவி இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் இந்த ஏற்பாடு முழுதும் நின்றது. ரீவி இல்லாத மனுசருக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை.

இப்போது நடைமுறையில் இருப்பது 2003ஆம் ஆண்டுத் தொடர்பாடல் சட்டம். அதன்படி ரீவிப் பெட்டி வைத்திருப்பது குற்றமில்லை. ஒளிபரப்பாகும் நேரத்திலேயே நிகழ்ச்சியைப் பார்க்கவோ பதிவு செய்யவோ கருவியைப் பொருத்துவதும் பயன்படுத்துவதும்தான் லைசென்ஸ் இல்லாமல் செய்தால் குற்றம். பெட்டியில் டிவிடி மட்டும் போட்டால், விளையாட்டு மட்டும் விளையாடினால் லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் ரீவியே இல்லாமல் கைத்தொலைபேசியில் நேரலை அலைவரிசை பார்த்தால் தேவை. 2016 செப்டெம்பரிலிருந்து பிபிசியின் ஐபிளேயரில் பழைய நிகழ்ச்சி பார்ப்பதற்கும் தேவை. 'எங்களிட்ட ரீவி இல்லை' எண்ட ஒரு வசனம் மட்டும் இண்டைக்குப் போதாது.

சரி, கதவைத் தட்டினால்? 1991இலிருந்து இந்த வசூல் பிபிசியின் பொறுப்பு. வருபவர் அதற்காக வேலைசெய்யும் ஒப்பந்த நிறுவனத்தின் ஆள். பொலிஸ் இல்லை. நீதவான் கொடுத்த தேடுதல் ஆணை இல்லாமல் நீங்கள் விடாவிட்டால் அவர் உள்ளே வரமுடியாது. அவரோடு கதைக்கவேண்டிய கட்டாயமும் இல்லை. லைசென்ஸ் தேவையில்லை என்று அறிவித்தால் கடிதங்கள் கொஞ்சக்காலம் நிற்கும். ஆனால் அப்படி அறிவிக்கச் சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. முக்கியமாக, வாசலில் நின்று சொல்லுறதை அவர் படிவத்தில் எழுதிக் கையெழுத்துக் கேட்பார். நீதிமன்றம் போகும் வழக்குகள் பலவற்றில் சாட்சி அந்தப் படிவம்தான்.

தண்டம் 1,000 பவுண்ஸ் வரை போகலாம். இதுக்காக நேரடியாகச் சிறை இல்லை. ஆனால் தண்டத்தைக் கட்டாமல் விட்டால் சிறைக்குப் போகவும் இடமுண்டு. ஆர் மாட்டுப்படுகினம்? அண்மைக் காலங்களில் தண்டிக்கப்பட்டவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் பெண்கள். பெண்கள் கூடப் பொய் சொல்லுகினம் எண்டு இதுக்கு அர்த்தமில்லை. தட்டும் நேரத்தில் வீட்டில் இருப்பதும், கதவைத் திறப்பதும், தனியாகக் குடும்பம் நடத்துவதும் கூடுதலாகப் பெண்கள்தான். எல்லாருக்கும் பொதுவான ஒரு சட்டம், வாசலுக்கு வரும்போது கதவு திறக்கிற ஆளைத்தான் பிடிக்கிறது.

இதையெல்லாம் வைத்து பிபிசி வேண்டாம் என்று முடித்துவிடவும் மனம் வரவில்லை. 90களில் கரண்ட் இல்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி தமிழோசை கேட்ட தலைமுறையின் பிள்ளைகள் நாங்கள். எங்களிடம் ஒருவரும் அதற்கு லைசென்ஸ் கேட்கவில்லை. அப்போது உலக சேவைக்கான காசை பிரித்தானிய வெளியுறவு அமைச்சு கொடுத்தது. 2014இலிருந்துதான் அதன் பெரும்பகுதி இந்த லைசென்ஸ் காசில் இருந்து போனது. 2017இல் தமிழோசை வானொலி நின்றது. நல்ல ஒலிபரப்புக்கு ஆரோ ஒருவர் காசு கொடுக்கத்தான் வேணும்.

பிபிசியின் இப்போதைய சாசனம் 2027 முடிவோடு காலாவதியாகிறது. கட்டணத்தை வரியாக்குவதா, சந்தாவாக்குவதா, இப்படியே விடுவதா எண்டு அங்கே வாதம் நடக்குது. எது வந்தாலும் ஒன்று மாறவேணும். பார்க்கிறவர் காசு கொடுக்கட்டும். பார்க்காதவர், தான் பார்க்கவில்லை என்று நிரூபித்துக்கொண்டு திரியக்கூடாது. அதுவரைக்கும், அங்கே போகிற தம்பி தங்கச்சிமாருக்கு ஒரு சொல்: கடிதத்தைக் கண்டு பயந்து காசைக் கட்டாதேங்கோ, கடிதத்தைக் கிழித்துப்போட்டு நேரலையும் பார்க்காதேங்கோ. முதல் சட்டத்தை வாசியுங்கோ.