சோனாகாச்சித் திட்டம்

வடகொல்கத்தாவின் சோனாகாச்சியில் பாலியல் தொழிலாளரிடையே பால்வினை நோயையும் எச்.ஐ.வி.யையும் தடுக்க 1992இல் தொடங்கிய திட்டம்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் 1986இல் சென்னையில் கண்டறியப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் மும்பையின் சிவப்பு விளக்குப் பகுதிகளில் தொற்று வேகமெடுத்தது. கொல்கத்தாவில் உள்ள மத்திய அரசின் பொதுச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த மருத்துவர் ஸ்மரஜித் ஜானா சோனாகாச்சியில் ஆய்வு நடத்தியபோது, ஆணுறையைத் தவறாமல் பயன்படுத்தியவர்கள் 3 விழுக்காடுகூட இல்லை.

அங்கே தொழில் செய்த பெண்களையே பயிற்றுவித்துப் பேச அனுப்பினார் ஜானா. பச்சை மேலங்கி அணிந்து, பட அட்டைகளோடு வீடு வீடாகப் போனார்கள். நோயின் பெயரைச் சொன்னாலே கதவைச் சாத்திய இடங்களில்கூட, பேசுகிறவள் தங்களில் ஒருத்தி என்றதும் உட்காரச் சொன்னார்கள்.

ஆனால் விவரம் தெரிந்தால் மட்டும் போதவில்லை. ஆணுறை வேண்டாம் என்பவனைத் திருப்பி அனுப்பினால் அவன் பக்கத்து அறைக்குப் போவான்; கந்துவட்டிக்காரருக்கு அன்று தர அவளிடம் பணமிருக்காது. இந்த முடிச்சைக் கண்டுகொண்டதுதான் திட்டத்தின் உண்மையான சாதனை. பெண்கள் 1995இல் துர்பார் மகிளா சமன்வய கமிட்டி என்ற சங்கத்தையும் உஷா என்ற கூட்டுறவுச் சங்கத்தையும் அமைத்தனர். கூட்டுறவு விதியில் இருந்த நன்னடத்தை நிபந்தனை குறுக்கே நின்றது. இல்லத்தரசிகள் என்று பதிந்துகொள்ளும்படி சொல்லப்பட்ட யோசனையை ஏற்காமல், தொழிலைச் சொல்லியே பதிவு பெற்றனர். சேமிப்பும் கடனும் கைக்கு வந்தபின் மறுப்பதற்கும் துணிவு வந்தது. 1990களின் இறுதியில் ஆணுறைப் பயன்பாடு 80 விழுக்காட்டைத் தாண்டியது. இது பெண்களே சொன்ன கணக்குதான்; என்றாலும் மும்பையில் பாதிப் பேருக்குத் தொற்று இருந்த காலத்தில் சோனாகாச்சியில் அது 10 விழுக்காட்டுக்குள் நின்றது.

1999இல் திட்டத்தின் நிர்வாகம் துர்பாரின் கைக்கே வந்தது. பின்னர் மேற்கு வங்க அரசு 'புலா தி' என்ற பொம்மை அக்காவை விளம்பரப் பலகைகளில் ஏற்றி எய்ட்ஸ் பற்றிப் பேச வைத்தது. தமிழ்நாட்டு எய்ட்ஸ் விளம்பரங்களில் வந்த புள்ளிராஜா போல. அவை ஊரையே பேச வைத்தன, ஆனால் அறைக்குள் நடக்கும் பேரத்தில் அவற்றுக்கு இடமில்லை.

தொழிலுக்குச் சட்ட ஏற்பு கேட்கும் துர்பாரின் நிலைப்பாட்டை ஆள்கடத்தல் எதிர்ப்பாளர்கள் இன்றும் கண்டிக்கிறார்கள். சிறுமிகளும் கட்டாயப்படுத்தப்பட்டவர்களும் தொழிலுக்குள் வராமல் தடுக்கத் தாங்களே சுயகட்டுப்பாட்டு வாரியம் நடத்துவதாகத் துர்பார் பதில் சொல்கிறது. ஜானா 2021 மே மாதம் கொரோனாவால் இறந்தார்.